சிலாபக் கடலில் அவுஸ்திரேலியாவின் எல்லை

முன்னேஸ்வரம் கோயிலுக்கு மேற்கே, தென்னந்தோப்புகளைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் சிலாபம். அங்கே கட்டிக் கிடக்கும் பலநாள் படகுகளில் பெரிய எழுத்தில் பதிவெண் எழுதியிருக்கும். அதன் கடைசி மூன்று எழுத்து 'சி.எச்.டபிள்யூ.'. கடற்றொழில் நிர்வாகத்தில் சிலாபம் தனி மாவட்டம் என்பதால் வந்த அடையாளம் அது. பெரும்பாலும் முப்பதடிக்கு மேற்பட்ட நீளம், ஐஸ் அறை, ஐந்தாறு பேர், வாரக்கணக்குக்குப் போதுமான டீசல், அரிசி, தண்ணீர். சூரையைத் தேடி நடுச் சமுத்திரம் வரை போய்வரும் கலம் இது. இதே வகைக் கலம்தான் வலைக்குப் பதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொக்கோஸ் தீவுக்கும், கிறிஸ்மஸ் தீவுக்கும், பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியனுக்கும் போயிருக்கிறது. இந்தக் கரையிலிருந்து கொக்கோஸ் தீவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்.

இந்தப் படகு இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பலர். சம்மாட்டிக்குத் தன் முதல் பத்திரமா என்று தெரிய வேண்டும். கொழும்பிலுள்ள கடற்றொழில் திணைக்களத்துக்குச் சட்டப்படி தெரிய வேண்டும். நம் மீனை வாங்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, அது எந்தக் கடலில் பிடிபட்டது என்று தெரிய வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கோ, படகு தென்கிழக்கே திரும்பிவிட்டதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். இத்தனை பேரின் தேவைக்கும் ஒரே பெட்டிதான் படகில் பொருத்தப்படுகிறது. எல்லைக் காவலுக்குத் தொழில்நுட்பம் உதவுமா என்ற பெரிய கேள்வியை, இந்தச் சின்னப் பெட்டியிலிருந்து தொடங்குவதே வசதி.

பெட்டி முதலில் வந்தது மீனுக்காகத்தான். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையை எச்சரித்தது; 2015 ஜனவரியில் இறக்குமதிக்குத் தடையே விதித்தது. சிலாபம், நீர்கொழும்பு, பேருவளை, மாத்தறை எங்கும் அடி விழுந்தது. தடையை நீக்க இலங்கை செய்தவற்றில் முக்கியமானது, ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் செய்மதி வழிக் கண்காணிப்புக் கருவி பொருத்தியது. 'வி.எம்.எஸ்.' என்று துறைமுகத்தில் சொல்வது அதைத்தான். ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைக் கணித்து, குறித்த இடைவெளியில் செய்மதிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். 2016 ஜூனில் தடை நீங்கியது. மீன் விற்றால்தான் வருமானம் என்பதால் தொழிலாளரும் முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஆறு வருடம் கழித்து அதே வகைப் பெட்டி வேறு காரணத்துக்காக வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின் உச்சம். டீசலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசை. அந்த மே 21ஆம் திகதி, அவுஸ்திரேலியப் பொதுத்தேர்தல் நாளன்றே, இலங்கையிலிருந்து போன படகொன்றை மறித்ததாக அன்றைய பிரதமர் ஸ்கொட் மொரிசன் அறிவித்தார். வாக்குச்சாவடி மூடுமுன் அந்தச் செய்தி வெளியானது அங்கே பெரிய சர்ச்சையாயிற்று. ஆட்சி மாறியது, கொள்கை மாறவில்லை. அடுத்த மாதமே புதிய உள்துறை அமைச்சர் கிளேர் ஓநீல் கொழும்புக்கு வந்தார். 4,000க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகளுக்கு அவுஸ்திரேலியச் செலவில் கண்காணிப்புக் கருவிகள் என்ற செய்தி அப்போதுதான் பரவலாகத் தெரிந்தது.

இது ஒற்றைப் பரிசுமல்ல. 2013 நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு நடந்தபோது அன்றைய அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபொட் இரண்டு ரோந்துக் கப்பல்களைக் கடற்படைக்குத் தருவதாக அறிவித்தார். போர்க்கால மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டிக் கனடாப் பிரதமர் புறக்கணித்த மாநாடு அது. 2021இல் இலங்கைப் பொலிசாருக்கு அவுஸ்திரேலியாவிடமிருந்து ஐந்து ட்ரோன்கள் கிடைத்தன. அமெரிக்கா தன் கரையோரக் காவற்படையின் பழைய கப்பல்களையும் 2024இல் கண்காணிப்பு விமானமொன்றையும் தந்தது. இந்தியா 2022 ஆகஸ்டில் டோர்னியர் விமானமொன்றைக் கொடுத்தது. கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கும் பணம் போட்டது. 60 இலட்சம் டொலர் செலவிலான அந்த மையம் 2024 ஜூனில் கொழும்பில் திறக்கப்பட்டது. அதன் ஆளில்லாத் துணை நிலையங்களில் நமக்குக் கிட்டியது மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளம். கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு. இலங்கையின் கடற்கண்காணிப்பு, இப்படி வந்து சேர்ந்த பொருள்களால் ஆனது. எது தேவை என்று நாம் உட்கார்ந்து எழுதிய பட்டியலொன்று இதற்கெல்லாம் முன்னால் இருந்திருந்தால் வடிவம் வேறாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இந்தக் கடலில் காவல் போடுவது புதிதல்ல. அன்று திசை மட்டும் எதிராக இருந்தது. குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் அதே ஆண்டின் 18ஆம் இலக்கம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே பயத்தில் பிறந்தவை. தென்னிந்தியாவிலிருந்து தோணியில் ஆட்கள் வருகிறார்கள் என்பதுதான் அந்தப் பயம். 1950களில் 'ஒபரேஷன் மொன்டி' என்ற பெயரில் இராணுவமும் கடற்படையும் வடமேற்குக் கரையைக் காத்தன. 1963இல் அது தனிச் செயலணியாக விரிந்தது. துப்பாக்கி, ஜீப், தொலைநோக்கி, கரையில் ஆங்காங்கே ஒரு முகாம் என்பதே அன்றைய தொழில்நுட்பம். 'கள்ளத்தோணி' என்ற வசை, தோணியையே பார்த்திராத தோட்டத் தொழிலாளியின் தலையிலும் விழுந்தது அந்தக் காலத்தில்தான். உள்ளே வருவோரைத் தடுக்க எழுதிய அந்தச் சட்டம் இன்று வெளியே போவோரைப் பிடிக்கிறது. அனுமதியற்ற வழியில் நாட்டைவிட்டுப் போனால் ஐந்தாண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அவுஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், விமான நிலையம் அந்தப் பக்கம் என்பதால், நீர்கொழும்பு நீதவான் முன் வரிசையாக நின்றது இதன்கீழ்தான்.

போனவர்கள் யார்? வடக்கு, கிழக்கிலிருந்து உயிர்ப்பயத்தோடு வந்து இந்தக் கரையில் படகேறிய தமிழர்கள் இருந்தார்கள். கடன் முற்றிய சிங்கள மீனவர்களும் இருந்தார்கள். உடப்பு, சிலாபம், கற்பிட்டி, நீர்கொழும்பு என்று இந்தக் கரையின் ஊர்ப்பெயர்கள் 2012இலும் 2022இலும் செய்திகளில் வந்துகொண்டே இருந்தன. 2011இல் சில நூறாக இருந்த எண்ணிக்கை 2012இல் 6,000த்தைத் தாண்டியது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரம் பேரை ஏற்ற மாவட்டம் புத்தளம். ஓடி வருவோரையும் ஓடிப் போவோரையும் ஒருசேரப் பார்த்த கரை இது.

இனி கருவிகளின் பலம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

கரையோர ராடாரை எடுத்துக்கொள்வோம். பூமி உருண்டை என்பதுதான் அதற்கு முதல் எதிரி. ராடாரின் அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும். அடிவானத்துக்குக் கீழே இருப்பது அதற்குப் படாது. முப்பது மீட்டர் உயரத்தில் ராடாரை வைத்தாலும், நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் எழும்பிய படகு ஏறத்தாழ 28 கிலோமீட்டருக்கு அப்பால் மறைந்துவிடும். பலநாள் படகொன்றுக்கு அது இரண்டு மணி நேர ஓட்டம். அந்த 28 கிலோமீட்டருக்குள்ளும் கண்ணாடியிழைப் படகு ராடாருக்குச் சரியாகத் தெரியாது. உலோகம் போல் அது அலையைத் திருப்பி அனுப்புவதில்லை. கடல் கொந்தளிக்கும்போது அலையா படகா என்று பிரிப்பது இன்னும் கடினம்.

அப்படியானால் அடிவானத்தைத் தாண்டிப் பார்க்கும் ராடார்? அவுஸ்திரேலியாவிடம் அதுவும் உண்டு. 'ஜிண்டலி' என்ற அந்த வலையமைப்பு வானிலுள்ள அயனிமண்டலத்தில் அலையைத் தெறிக்கவிட்டு, 3,000 கிலோமீட்டர் வரை தேடக்கூடியது. ஆனால் 2013 ஏப்ரல் 9ஆம் திகதி, பட்டப்பகலில், 66 இலங்கையர் ஏறிய மீன்பிடிப் படகொன்று மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜெரால்ட்டன் துறைமுகத்துக்குள்ளேயே வந்து நின்றது. நியூசிலாந்துக்குப் போக உதவி கேட்கும் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கரையோரக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். விமானத்தையும் இரும்புக் கப்பலையும் தேடக் கட்டிய இயந்திரத்துக்குச் சின்ன மீன்பிடிப் படகு ஒரு பொருட்டாகவில்லை. உலகத்தின் விலையுயர்ந்த கண்காணிப்பு அமைப்புகளில் ஒன்றை நம்மூர்ப் படகு தாண்டிய கதையில் இந்தக் கரைக்காரர்களுக்கு ஒரு இரகசியப் பெருமிதமும் உண்டு. அந்தப் படகில் இருந்தவர்களின் பல வார அவஸ்தையை நினைத்தால் அது அடங்கிவிடும்.

தரையிலும் இதே கதைதான். மெக்சிகோ எல்லையில் கோபுரம், கமரா, ராடார், உணர்கருவி எல்லாவற்றையும் இணைத்து ஒரு மின்வேலி அமைக்க அமெரிக்கா 2006இல் போயிங் நிறுவனத்தை நியமித்தது. சுமார் நூறு கோடி டொலர் செலவழித்து அரிசோனாவில் 53 மைல் தூரத்தை மட்டும் முடித்தபின், 2011 ஜனவரியில் கைவிட்டது. கடல்வழி வந்த மும்பாய்த் தாக்குதலும் இந்தக் கதையில் சேர்த்தி. 2008 நவம்பரில் வந்தவர்கள் ஏறி வந்தது 'குபேர்' என்ற, முறையாகப் பதிவுசெய்த இந்திய மீன்பிடிப் படகில். வழியில் அதைக் கைப்பற்றியிருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அது நல்ல படகு.

வி.எம்.எஸ். இவற்றைவிட மேலானது, அடிவானக் கணக்கு அதற்கில்லை என்பது உண்மை. ஆனால் அது படகின் இடத்தைச் சொல்லுமே தவிர, படகில் ஏறியிருப்பது சூரையா ஆளா என்று சொல்லாது. சூரை தென்கிழக்கே ஓடினால் படகும் தென்கிழக்கே ஓடும். 4,000 படகு மணிக்கொரு முறை இடத்தைச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 96,000 புள்ளிகள். இவற்றில் வழக்கத்துக்கு மாறானது எது என்று கணினி சொல்லலாம். சொன்னபிறகு ஓர் அதிகாரி எழுந்து ஒரு கப்பலை அனுப்ப வேண்டும், அந்தக் கப்பலில் டீசல் இருக்க வேண்டும். கருவி மௌனமானால் அதற்கும் பல காரணம்: உப்பேறிய இணைப்பு, தீர்ந்த மின்கலம், வேண்டுமென்றே பிடுங்கிய வயர். மூன்றும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. கருவி இருப்பது பலநாள் படகில். கரைக்கும் பலநாள் படகுக்கும் நடுவே ஓடுவது டிங்கி. கடற்படை வெளியிடும் கைது அறிக்கைகளில் இந்த முறை திரும்பத் திரும்ப வருகிறது: இரவில் ஏதோவொரு வாடியிலிருந்து டிங்கிகளில் நாலைந்து பேராக ஏற்றுவார்கள், வெளிக்கடலில் நிற்கும் பெரிய படகில் சேர்ப்பார்கள். புத்தளம் களப்பின் வாயும் கற்பிட்டித் தீவுக்கூட்டமும் உடப்பின் நீண்ட கரைவலைக் கரையும் இதற்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கின்றன. மஞ்சள், பீடி இலை, தங்கம், ஹெரோயின் என்று கற்பிட்டிப் பக்கம் பிடிபடுவதெல்லாம் போய்வருவதும் இதே வழியில்தான். ஆகவே இந்தக் கரைக்குக் காவலே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. போதைப்பொருள் இறங்கும் ஊரில் வளரும் பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டால், இரண்டு ராடார் கூடுதலாகவே போடச் சொல்வார்கள்.

ராடாரும் பெட்டியும் தொடாத இடம் ஒன்றும் இருக்கிறது. ஆளுக்கு இலட்சக்கணக்கில் வாங்கும் ஏஜென்சிக்காரன் கடலுக்கே போவதில்லை. நகை அடகும் காணி ஈடும் கைமாறுவது கரையில், பல நேரம் உறவுக்காரர் நடுவில். 2013இல் ஆட்கடத்தல் தொடர்பில் கைதானவர்களில் கடற்படையின் லெப்டினன்ட் கொமாண்டர் தரத்து அதிகாரி ஒருவரும் இருந்தார். காவல் கருவியைப் பார்க்கும் கண்ணே விலைபோனால் கருவியால் ஆவதென்ன? வங்கிக் கணக்கையும் அடகுக்கடைச் சீட்டையும் தொடர்ந்து போகும் ஒரு பொலிஸ் பிரிவு, இரண்டு ட்ரோனைவிடப் பயன்படும். ஆனால் அதைப் பரிசுப் பொருளாகப் படம் பிடித்துப் பத்திரிகையில் போட முடியாது.

இடையே ஒரு விசித்திரம். 2019இல், இலங்கையரைப் பயமுறுத்த அவுஸ்திரேலிய அரசு சாதகப் பலன் வடிவில் விளம்பரம் தயாரித்தது வெளிச்சத்துக்கு வந்தது. பன்னிரண்டு இராசிக்கும் பலன் ஒன்றேதான்: படகேறினால் திருப்பி அனுப்பப்படுவாய், கடனாளி ஆவாய். முன்னேஸ்வரத்தில் நாள் பார்த்துக் காரியம் தொடங்கும் சனத்தை ஓரளவு புரிந்துகொண்டுதான் செய்திருக்கிறார்கள். அட்டமத்துச் சனியில் வெளிநாடு போகாதே என்று இங்கே சாத்திரியாரே சொல்வார். ஆனால் அவர் பரிகாரமும் சொல்வார். அந்த விளம்பரத்தில் பரிகாரம் இல்லை. முறையான விசாவுக்கு வழி, பருவகால வேலைக்கு வழி, அகதிக் கோரிக்கையைச் சொல்ல ஓர் இடம் என்று எதுவும் இல்லை.

தொழில்நுட்பம் எல்லையை இடம் மாற்றியிருக்கிறது என்பதுதான் இத்தனையிலும் நான் காணும் முக்கியமான செய்தி. அவுஸ்திரேலியாவின் எல்லை இப்போது அதன் கரையில் இல்லை, சிலாபத்துக் கரையில் இருக்கிறது. 2014 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். 41 பேர் இருந்த படகை அவுஸ்திரேலியக் கப்பல் மறித்தது. 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். நடுக்கடலில், காணொளி இணைப்பின் வழியே சில கேள்விகள் கேட்டு அவர்களின் அகதித் தகுதியைத் தீர்மானித்தார்கள். ஜூலை தொடக்கத்தில் மட்டக்களப்புக்கு அப்பால் கடலிலேயே இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். வழக்கறிஞர் இல்லை, மேன்முறையீடு இல்லை. எல்லைத் தொழில்நுட்பம் என்றால் ராடாரும் ட்ரோனும்தான் நினைவுக்கு வரும். என் மதிப்பீட்டில் அன்று இயங்கிய மிகக் கூர்மையான கருவி அந்தக் காணொளித் திரைதான். அதே காலத்தில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்களை ஒரு சுங்கக் கப்பலில் வாரக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது வழக்காகி, 2015 ஜனவரியில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கண்ணில் பட்டவரெல்லாம் காப்பாற்றப்படுவதுமில்லை. 2023 ஜூனில் கிரேக்கத்தின் பைலோஸ் அருகே மூழ்கிய படகை, ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃபிரொன்டெக்சின் விமானம் பல மணி நேரம் முன்பே பார்த்துப் படமெடுத்திருந்தது. பிழைத்தவர்கள் 104 பேர். இறந்தவர்கள் பல நூறு. இங்கே நிலைமை தலைகீழ். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர் ஏறிய படகு முல்லைத்தீவுக் கரையருகே தத்தளித்தபோது, அதை முதலில் கண்டவர்கள் தொழிலுக்குப் போன மீனவர்கள். சோறும் தண்ணீரும் கொடுத்தவர்களும் அவர்கள்தான். கடற்படை அதன்பின் வந்து திருகோணமலைக்குக் கொண்டுபோனது.

கடலை நன்றாகப் பார்க்கும் கண்கள் மீனவருடையவை என்றால், அவர்களைச் சந்தேக நபர்களாக்கும் திட்டம் தன் கண்ணையே குத்திக்கொள்கிறது. இந்தியா இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மும்பாய்க்குப் பிறகு மீனவருக்கு உடற்கூற்று அடையாள அட்டை, கரையோர ராடார் சங்கிலி என்று தொடங்கிய நாடு, இப்போது ஒரு இலட்சம் படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த கருவியை இலவசமாகப் பொருத்துகிறது. 364 கோடி ரூபாய்த் திட்டம், 2024 ஆகஸ்ட் 30ஆம் திகதி பால்கரில் தொடங்கியது. அந்தப் பெட்டி படகின் இடத்தை அரசுக்குச் சொல்கிறது. அதோடு புயல் எச்சரிக்கையை மீனவரின் மொழியில் படகுக்கு அனுப்புகிறது. மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. எல்லைக்கோடு நெருங்கினால் எச்சரிக்கிறது. ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கரைக்குத் தெரிவிக்கிறது. அதையும் பிடுங்கிப் போடுகிறவர்கள் இருப்பார்கள்தான். ஆனாலும் உயிருக்கு உதவுகிற கருவியை அணைக்க யாருக்கும் கை தயங்கும். வேவு பார்ப்பதற்கென்றே வைத்த கருவியின் வயர்தான் முதலில் அறுந்துபோகும்.

2022இல் அதே இந்தியாவின் கரையில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. மார்ச்சில் பஞ்சம் தாங்காமல் மன்னார்ப் பக்கத்திலிருந்து போன குடும்பங்களைப் படகோட்டிகள் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். ராடார் சங்கிலி, ரோந்து, மிதவைக் கப்பல் எல்லாம் இருக்கும் முப்பது கிலோமீட்டர்க் கடல் அது. வந்தவர்களைத் தமிழ்நாடு மண்டபம் முகாமில் சேர்த்தது. அந்தக் குழந்தைகளுக்கு வேண்டியிருந்தது பாலும் ஒரு கூரையும்.

ஆகவே என் முடிவு இது. கருவி வேண்டும், ஆனால் இப்போதிருக்கும் நிபந்தனையில் வேண்டாம். பலநாள் படகின் பெட்டி இருவழியாகப் பேச வேண்டும்: தமிழிலும் சிங்களத்திலும் வானிலை, அபாயப் பொத்தான், கரையில் அதற்குப் பதில் சொல்ல இரவிலும் விழித்திருக்கும் ஓர் ஆள். இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேறியிருக்கிறது. படகின் பயணத் தரவு யாரிடம் போகும், எத்தனை காலம் இருக்கும், அவுஸ்திரேலியாவுக்கு எந்த அளவில் கொடுக்கப்படும் என்பதை அந்தச் சட்டத்தின் கண்ணோட்டத்தில் எழுதி, பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். கடலில் மறித்தவரைத் திருப்பி ஒப்படைக்கும் முன் அவர் சொல்வதை ஒரு வழக்கறிஞர் கேட்டாக வேண்டும் என்று கன்பராவிடம் கேட்கும் துணிவு கொழும்புக்கு வேண்டும்; இத்தனை வருடத்துப் பரிசுகள் அந்த வாயைக் கட்டியிருக்கின்றன. கரையில் ஏஜென்சிக்காரரின் பணவழியைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரு சிறு குழு, புத்தளம் மாவட்டத்துக்கு மட்டுமாவது வேண்டும்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கருவித் தொகுதி சிலாபம் துறைக்கு வரும்போது, பொருத்துவதற்குக் கையெழுத்துப் போடுமுன், தரவு யாருக்குப் போகிறது என்ற விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் கேளுங்கள். அபாயப் பொத்தானை நடு இரவில் அழுத்தினால் எந்த இலக்கத்தில் யார் பதில் சொல்வார் என்றும் கேளுங்கள்.